ஒரு புள்ளியாவது

எம்.ஆர்.ஐ. அறைக்குள் போவதற்கு முன் உடம்பில் இருக்கும் உலோகம் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். தோடு, மூக்குத்தி, வளையல், கொலுசு, மெட்டி, புடவை ஊக்கு, கடைசியில் தாலி. திருச்சியில் ஒரு ஸ்கேன் மையத்தில் என் அக்கா தாலிச் சங்கிலியைப் பிடித்தபடி தயங்கி நின்றாள். கூட வந்திருந்த அவள் மாமியார் இதை எதிர்பார்த்தே வந்திருந்தார். சுருக்குப்பையிலிருந்து மஞ்சள் கயிற்றில் கோத்த ஒரு விரலி மஞ்சளை எடுத்து அக்காவின் கழுத்தில் கட்டினார். அதன் பிறகுதான் சங்கிலியைக் கழற்றவிட்டார். அக்கா உள்ளே போனாள். அரை மணி நேரம் அந்தக் குழாய்க்குள் படுத்திருந்தாள். கதவுக்கு வெளியே எங்களுக்கு இயந்திரத்தின் தட்டல் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அதற்கு முந்தைய இரண்டு வருடங்களாக அக்கா சரியாக இல்லை. காலையில் எழ முடியவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். தலையில் பாரம் என்பாள். பேச்சு குறைந்தது. வீட்டில் இதற்குப் பல பெயர்கள் வைத்தார்கள்: சோம்பல், திமிர், நரம்புத் தளர்ச்சி, செய்வினை. தைராய்டு பார்த்தாயிற்று, ரத்தம் பார்த்தாயிற்று. தலைவலியும் இருந்ததால் மருத்துவர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. குறிப்பிடும்படியான மாற்றம் எதுவும் இல்லை என்று கடைசி வரியில் இருந்தது. மாமா அதை இரண்டு முறை படித்துவிட்டு, "அதான் ஒண்ணுமில்லன்னு போட்டுட்டானே. அப்புறம் எதுக்கு எந்நேரமும் படுத்தே கெடக்கணும்?" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட நிம்மதிதான் அதிகம் இருந்தது. ஆட்டோவில் திரும்பும்போது அக்கா பிலிம் உறையை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "ஒரு புள்ளியாவது இருந்திருக்கலாம்டி."

தன் மூளையில் ஏதாவது கோளாறு இருக்காதா என்று ஒரு பெண் ஏன் ஏங்க வேண்டும்? இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது.

நான் சங்க இலக்கியம் நடத்துகிறவள். ஆண்டுதோறும் குறிஞ்சித் திணையை வகுப்பில் நடத்தும்போது வெறியாட்டு வரும். தலைவி மெலிகிறாள், நிறம் மாறுகிறாள், பேச்சிழக்கிறாள். தாய் கலங்குகிறாள். வேலனை அழைக்கிறார்கள். அவன் கழங்கை உருட்டிப் பார்த்து இது முருகனால் வந்த நோய் என்கிறான். களம் அமைத்து, ஆட்டுக்குட்டியைப் பலியிட்டு, இரவெல்லாம் ஆடுகிறான். தலைவிக்கும் தோழிக்கும் நோய் எதனால் வந்தது என்று தெரியும். அந்த வீட்டில் அவர்கள் இருவரையும் யாரும் கேட்கவில்லை. மகளின் உடம்பைப் பார்க்கிறார்கள், கழங்கைப் பார்க்கிறார்கள். மகளின் வாயைப் பார்க்கவில்லை.

ஸ்கேன் இயந்திரமும் கழங்கும் ஒன்று என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்வது பொய். பெண்களுக்கு அது கேடும்கூட. 1971இல் லண்டனில் கணினி வழி எக்ஸ்ரே படமான சி.டி. ஸ்கேன் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டபோது, அந்த நோயாளி ஒரு பெண். மூளையில் கட்டி இருக்குமோ என்ற சந்தேகத்தில் எடுத்தார்கள். மண்டையோட்டைத் திறக்காமலே கட்டி இருக்கும் இடம் தெரிந்தது. அதுவரை மூளையைப் பார்க்க வேண்டுமென்றால் அறுக்க வேண்டும், அல்லது ஆள் சாக வேண்டும் என்ற நிலைதான் ஏறக்குறைய இருந்தது. மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற நரம்பு நோயை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருவது. ஒரு வாரம் கை மரத்துப்போகும், பிறகு சரியாகும். ஒரு கண் மங்கும், பிறகு தெளியும். வந்து வந்து போவதால் பல பெண்கள் நடிக்கிறார்கள் என்றும், ஹிஸ்டீரியா என்றும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். எண்பதுகளில் எம்.ஆர்.ஐ. பழக்கத்துக்கு வந்த பிறகு, அந்தத் தழும்புகள் வெள்ளைப் புள்ளிகளாகப் படத்தில் தெரிந்தன. அந்தப் பெண்களுக்கு அந்தப் புள்ளி விடுதலை. அக்கா கேட்டது அந்த விடுதலையைத்தான்.

ஆனால் எம்.ஆர்.ஐ. எதைப் பார்க்கிறது? பலமான காந்தப் புலத்துக்குள் நம் உடம்பின் நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கள் தரும் சமிக்ஞைகளைத் திரட்டிப் படமாக்குகிறது. கட்டி, ரத்தக் கசிவு, தழும்பு, சுருக்கம் போன்றவற்றை அதனால் காட்ட முடியும். செய்தித்தாள்களில் வருகிற, சிவப்பும் மஞ்சளுமாக ஒளிர்கிற மூளைப் படம் வேறு வகை. 1990இல் செய்ஜி ஒகாவா என்ற ஜப்பானிய அறிவியலாளரும் அவர் குழுவினரும் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மாறுவதைக் காந்தத்தால் கண்டறியலாம் என்று காட்டினார்கள். அதிலிருந்து பிறந்தது எஃப்.எம்.ஆர்.ஐ. மூளையின் ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே ரத்த ஓட்டம் கூடும். இயந்திரம் அளப்பது அந்த ரத்தத்தை, நினைப்பை அல்ல. மூளைக்குள் சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்து, இந்த இடத்தில் வேறுபாடு இருக்கிறது என்று முடிவுசெய்த பிறகு கணினியில் பூசுகிற நிறம் அது.

கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதைக் காட்ட 2009இல் அமெரிக்காவில் சில ஆராய்ச்சியாளர்கள் செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனுக்குள் வைத்தார்கள். மனிதர்களின் படங்களை அதற்குக் காட்டி, இவர்கள் என்ன உணர்கிறார்கள் என்றும் முறைப்படி கேட்டார்கள். வழக்கமான ஒரு திருத்தத்தைச் செய்யாமல் விட்டதும் செத்த மீனின் மூளையில் ஒரு புள்ளி ஒளிர்ந்தது. அது கேலி, ஆனால் நேர்மையான கேலி. தங்கள் துறையைத் தாங்களே சோதித்துக்கொண்டார்கள். 2020இல் இன்னொரு சோதனை வெளியானது. ஒரே ஸ்கேன் தரவுகளை எழுபது குழுக்களிடம் கொடுத்து, ஒரே ஒன்பது கேள்விகளைக் கேட்டார்கள். எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் கணக்குப் போடவில்லை. பல கேள்விகளுக்கு முடிவுகளும் வேறு வேறாக வந்தன.

மனச்சோர்வுக்கு வருவோம். மனச்சோர்வுள்ளவர்களின் மூளையில் சராசரியாகச் சில வேறுபாடுகள் இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. சராசரி என்ற சொல்லைக் கவனியுங்கள். 2022இல் ஜெர்மனியிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. மனச்சோர்வுள்ளவர்களும் இல்லாதவர்களுமாக 1,809 பேரின் மூளையைப் பல வகை ஸ்கேன்களால் பார்த்து ஒப்பிட்டார்கள். இரு கூட்டத்தின் அளவுகளும் 87 விழுக்காட்டுக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தன. தனி ஒருவரின் படத்தைக் கொண்டு அவருக்கு மனச்சோர்வு உண்டா இல்லையா என்று சொல்ல முயன்றபோது, சரியாக வந்தது 54 முதல் 56 விழுக்காடு வரைதான். காசைச் சுண்டிப் போட்டாலே ஐம்பது வரும்.

மனச்சோர்வுக்கும் மூளைக்கும் தொடர்பில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. நம் அழுகைக்கும் மூளைக்கும் தொடர்பு உண்டு, கவிதைக்கும் உண்டு. இன்று நம்மிடம் இருக்கும் எந்த ஸ்கேனும் ஒரு தனி மனுஷியைப் பார்த்து, உனக்கு மனச்சோர்வு இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. அவ்வளவுதான் பொருள். மாமா படித்த வரியில் இருந்தது: கட்டி இல்லை, கசிவு இல்லை. அவர் புரிந்துகொண்டது: நோய் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில்தான் அக்கா விழுந்து கிடந்தாள்.

அந்தப் பள்ளம் புதிதல்ல. பாரிஸில் சால்பெட்ரியேர் மருத்துவமனை; பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி. மருத்துவர் ஷார்கோ அங்கே புகழ்பெற்றிருந்தார். 1868இல் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நோயைத் தெளிவாக விவரித்தவர் அவர்தான். இறந்த நோயாளிகளின் மூளையில் தழும்புகளைக் கண்டு, உயிரோடு இருந்தபோது அவர்களுக்கு இருந்த நடுக்கத்தோடு பொருத்திக் காட்டினார். அதே மருத்துவமனையில் ஹிஸ்டீரியா என்று பெயரிடப்பட்ட பெண்களின் மூளையில் அவருக்குத் தழும்பு கிடைக்கவில்லை. அதனால் நோய் இல்லை என்று அவர் சொல்லிவிடவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோளாறு இருக்க வேண்டும் என்றார். அதை அவருடைய பெருந்தன்மை என்றே சொல்வேன். ஆனால் அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்தது பெண்களின் சொல் அல்ல, கேமரா. 1876 முதல் அந்தப் பெண்களின் வலிப்பையும் முறுக்கலையும் அழுகையையும் புகைப்படமாக எடுத்துத் தொகுதிகளாக வெளியிட்டார்கள்.

அந்தப் படங்களில் அதிகம் அறியப்பட்டவள் அகஸ்டின் என்ற பதின்வயதுப் பெண். அவள் பாலியல் வன்முறைக்கு ஆளானவள். மயக்கத்திலும் வெறியிலும் அவள் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். மருத்துவர்கள் அவள் சொற்களைக் கவனமாக எழுதி வைத்தார்கள், அச்சிலும் இருக்கின்றன. ஆனால் அவற்றை நோயின் அறிகுறிகளில் ஒன்றாக எழுதினார்கள், நடந்த குற்றத்தின் வாக்குமூலமாக அல்ல. படம் அவளுக்காக எடுக்கப்படவில்லை, பார்ப்பவர்களுக்காக எடுக்கப்பட்டது. 1880இல் அவள் ஆண் உடை அணிந்து அந்த மருத்துவமனையிலிருந்து தப்பிப் போனாள். அதற்குப் பிறகு அவளைப் படமெடுக்க அவர்களால் முடியவில்லை.

அக்காவின் ஆசை நிறைவேறியிருந்தால்? ஒரு புள்ளி இருந்திருந்தால்? இதையும் யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அன்று மாலை அவளுக்கு ஓய்வு கிடைத்திருக்கும். யாரும் திமிர் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். சில வாரங்களில் அதே படம் வேறு கைகளுக்குப் போயிருக்கும். நம் ஊரில் பெண்ணின் தலைக்குள் இருக்கும் கோளாறுக்கு மருத்துவமனையில் ஒரு பொருள், கல்யாணச் சந்தையில் வேறு பொருள். இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் ஒரு திருத்தம் வந்தது: அடிக்கடி வலிப்பு வருபவர் திருமணம் செய்யத் தகுதியற்றவர் என்று. மாத்திரையில் கட்டுப்படுகிற ஒரு நரம்பு நோய்க்காக எத்தனையோ பெண்கள் மறைத்து வாழவும், மறைத்ததற்காக விரட்டப்படவும் நேர்ந்தது. அந்தச் சொல் 1999இல்தான் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. சட்டத்திலிருந்து போனது பெண் பார்க்க வருகிறவர்களின் பேச்சிலிருந்து இன்னும் போகவில்லை. மனநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கும் பிரிவு இன்றும் இருக்கிறது. 1988இல் ஒரு கணவர், மனைவிக்கு மனச்சிதைவு என்று சொல்லி விவாகரத்துக் கேட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. நோயின் பெயர் மட்டும் போதாது. சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றது. ஒரு பெயர்ச் சீட்டு ஒரு வாழ்க்கையை முடித்துவிடக் கூடாது என்பதை நீதிமன்றம் வரை போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. நம் சொல்லை மீறி, நம் மூளையையே பேச வைத்துவிடலாம் என்ற ஆசை. 2008இல் புனேயில் ஒரு நீதிமன்றம் கொலை வழக்கில் ஓர் இளம்பெண்ணுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. தீர்ப்புக்குத் துணையாக வைத்தவற்றில் ஒன்று, தலையில் மின்முனைகளைப் பொருத்தி எடுத்த மூளை அலைப் பதிவு. வாக்கியங்களை ஒலிக்கவிட்டு, அவற்றை அவள் மூளை அனுபவமாக நினைவுகூர்கிறதா என்று இயந்திரம் சொன்னதாம். பின்னர் உயர் நீதிமன்றம் அவளுக்குப் பிணை வழங்கியது. 2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றம், ஒருவரின் சம்மதம் இல்லாமல் மூளை அலைச் சோதனை, உண்மை கண்டறியும் சோதனை போன்றவற்றைச் செய்வது அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்றது. வாய்மூடி இருக்கும் உரிமை மூளைக்கும் உண்டு என்று அந்தத் தீர்ப்பை நான் வாசிக்கிறேன். வழக்கின் பெயர் செல்வி எதிர் கர்நாடக அரசு.

வீட்டில், "ஸ்கேனில் ஒன்றுமில்லை, நீ சொல்வது பொய்" என்றார்கள். நீதிமன்றத்தில், "நீ சொல்லாததை உன் மூளை சொல்லிவிட்டது" என்றார்கள். எதிரெதிராகத் தோன்றும் இந்த இரண்டும் ஓர் இடத்தில் ஒன்றுசேர்கின்றன. இரண்டிலும் அவள் வாய் தேவைப்படவில்லை.

அந்தக் குழாய்க்குள் ஒருவர்தான் படுக்க முடியும் என்பதையும் மறக்கக் கூடாது. அக்கா மட்டும்தான் உள்ளே போனாள். நாலரை மணிக்கு எழ வேண்டிய வீடு உள்ளே போகவில்லை. வேலையை விடச் சொன்ன பேச்சு உள்ளே போகவில்லை. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அவள் தூங்காத மாதங்கள் உள்ளே போகவில்லை. ஆண்களைவிடப் பெண்களிடம் மனச்சோர்வு அதிகம் என்று கணக்கெடுப்புகள் சொல்லும்போதெல்லாம், காரணத்தைப் பெண் மூளையில் தேடுவோம் என்று கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். தேடட்டும். ஆனால் இஸ்ரேலிய ஆய்வாளர் டாப்னா ஜோயலும் அவர் குழுவினரும் 2015இல் 1,400க்கும் மேற்பட்ட மூளைப் படங்களை ஆராய்ந்தபோது, முழுக்க ஆண் மூளை, முழுக்கப் பெண் மூளை என்று பிரிக்கத்தக்கவை மிகச் சிலவே கிடைத்தன. பெரும்பாலானவை கலந்தே இருந்தன.

எனக்கு நம்பிக்கை தந்த ஒரு கதை உண்டு. 2009இல் நியூயார்க்கில் சூசன்னா கஹலன் என்ற 24 வயதுப் பத்திரிகையாளருக்குத் திடீரென்று சந்தேகங்களும் பிரமைகளும் வலிப்பும் வந்தன. அதிகம் குடிக்கிறாள், அதிகம் உழைக்கிறாள் என்று ஒரு மருத்துவர் சொன்னார். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அதில் ஒன்றுமில்லை. மனநோய் என்று ஒதுக்கப்படும் நிலையில், சுஹைல் நஜ்ஜார் என்ற நரம்பியல் மருத்துவர் வந்தார். அவளிடம் ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்து ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். அவள் வட்டம் போட்டு, ஒன்று முதல் பன்னிரண்டு வரை எல்லா எண்களையும் வலது பக்கமே நெருக்கி எழுதினாள். இடது பக்கம் காலி. மூளையின் வலப்பாதி அழன்றிருக்கிறது என்பதற்கான தடயம் அந்தத் தாளில் இருந்தது. உடலின் எதிர்ப்பாற்றலே மூளையைத் தாக்கும் நோய் அது. 2007இல்தான் மருத்துவ உலகம் அதை அடையாளம் கண்டிருந்தது. அந்த நோய் வரும் பலருக்கு எம்.ஆர்.ஐ. எந்த மாற்றத்தையும் காட்டுவதில்லை. சூசன்னா குணமானார், பிறகு தன் கதையைத் தானே எழுதினார். பெரிய இயந்திரம் காட்டாததை அவளே வரைந்த ஒரு படம் காட்டியது. அதற்கு, அவளிடம் ஒருவர் தாளை நீட்ட வேண்டியிருந்தது.

எல்லோருக்கும் இப்படி ஒரு முடிவு கிடைப்பதில்லை. அக்காவுக்கு இருந்தது மூளை அழற்சி அல்ல. அவளுக்கு இருந்தது மனச்சோர்வுதான். அது எப்படித் தெரிய வந்தது என்பதைச் சொல்லி முடிக்கிறேன். அதற்கு முன் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

ஸ்கேனுக்குப் பணம் கட்டியது நான்தான். அக்காவுக்காகச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், எனக்காகவும்தான் செய்திருக்கிறேன். அவள் சொன்னதை நானும் முழுதாக நம்பியிருக்கவில்லை. வகுப்பில் வெறியாட்டைக் கிண்டலாக நடத்திவிட்டு வந்து, என் அக்காவுக்கு நானே வேலனைக் கூப்பிட்டிருக்கிறேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மாலை நேரத்தைக் கொடுப்பதைவிடச் சில ஆயிரம் ரூபாயைக் கொடுப்பது எனக்கு எளிதாக இருந்தது. மாமா அந்த வரியைப் படித்துக் காட்டியபோது, கட்டி இல்லை என்றுதான் இதற்கு அர்த்தம், நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனோம். வெளியே நீண்ட வரிசை. எங்கள் முறை வந்தபோது அங்கிருந்த பெண் மருத்துவர் பிலிம் உறையைப் பார்த்தார், பிரித்து விளக்கில் பிடித்துப் பார்த்தார், மேசையில் வைத்தார். "இது நல்லா இருக்கும்மா. நீங்க சொல்லுங்க. காலையில கண்ணு முழிச்சதும் மொதல்ல என்ன தோணும்?" என்று கேட்டார்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "ஏன் முழிப்பு வந்துச்சுன்னு தோணும்."

அந்தப் பதிலை நான் முதன்முறையாகக் கேட்டேன். இரண்டு வருடமாக அது அவளிடம் இருந்திருக்கிறது. கேட்பதற்கு எந்தக் காந்தமும் தேவைப்பட்டிருக்காது.

வெறியாட்டுப் பாடல்களுக்குப் பக்கத்தில் நம் இலக்கணம் இன்னொரு துறையை வைத்திருக்கிறது: அறத்தொடு நிற்றல். தலைவியின் உள்ளத்தில் இருப்பதைத் தோழி வீட்டாரிடம் எடுத்துச் சொல்வதற்குப் பெயர் அது. ஒரு பெண்ணின் சொல்லை இன்னொரு பெண் கேட்டு, நம்பி, நடுக்கூடத்தில் நின்று சொல்வதை அறம் என்று பெயரிட்டிருக்கிறார்கள். இருபது வருடம் நடத்திய பாடத்தின் பொருள் எனக்கு அந்த வரிசையிலிருந்து வெளியே வரும்போதுதான் விளங்கியது. அன்று இரவு மாமாவிடமும் அத்தையிடமும் உட்கார்ந்து பேசினேன். மாமா உடனே மாறிவிடவில்லை. அத்தைதான் முதலில், "எனக்கும் சின்ன வயசுல அப்படி இருந்துச்சு, யாரும் கேக்கல" என்றார்.

மூளை ஆராய்ச்சி நடக்கட்டும். இன்னும் நுட்பமான இயந்திரங்கள் வரட்டும். ஒருநாள் மனச்சோர்வுக்கும் ஒரு தடயம் அகப்படலாம். அகப்பட்டால் அது அவள் சொல்லுக்குத் துணையாக நிற்கட்டும். அதன் இடத்தில் உட்கார வேண்டாம். அதுவரைக்கும் மட்டுமல்ல, அதற்குப் பிறகும், ஒருத்தி "முடியல" என்று சொன்னால் அந்தச் சொல்லே போதும். மீதியைத் தேடுவது நம் வேலை.

அக்கா மாத்திரை சாப்பிடுகிறாள். நல்ல நாள்கள் கூடியிருக்கின்றன. மோசமான நாள்களும் வருகின்றன. அந்தப் பிலிம் உறை அவள் வீட்டு பீரோவின் மேல் இருக்கிறது. அதில் எந்தப் புள்ளியும் இல்லை.